மூட்டில் உள்ள நெடுஞ்சங்கிலி

பால்மரத்தை நம்பி வாழ்ந்த நமக்கு, ஒரு பொருளின் தரம் அதன் உட்கூற்றின் நீளத்தைப் பொறுத்தது என்னும் செய்தி புதியதன்று. ரப்பர் என்பது ஒரே வகையான சிறு கண்ணிகள் பல ஆயிரம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலியாகும். சங்கிலி நீளமாக இருக்கும்வரை ரப்பர் இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. வெயிலில் நெடுநாள் கிடந்த ரப்பர் ஷீட் பிசுபிசுத்துக் கையில் ஒட்டுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். வெயிலும் காற்றும் அச்சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டமையே அதற்குக் காரணம். 1965-ஆம் ஆண்டில் தொடங்கிய மலேசியத் தர ரப்பர்த் திட்டத்தின்கீழ் வரும் சோதனைகளில் ஒன்று, ரப்பரை 140 பாகை சூட்டில் 30 நிமிடம் வைத்தபின் அதன் இயல்பான நெகிழ்வு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளப்பதாகும். சங்கிலி உடைவதைத் தாங்கும் ஆற்றலையே அது அளக்கிறது.

நம் உடலிலும் இத்தகைய நெடுஞ்சங்கிலி ஒன்று உண்டு. மூட்டுகளில் வழவழப்பாகவும், தோலில் ஈரப்பசையாகவும், கண்ணின் உள்ளே தெளிந்த கூழாகவும் அது விளங்குகிறது. அதன் பெயர் ஹயலுரோனன். ஹயலுரோனிக் அமிலம் என்னும் பழைய பெயரால் அதனை மருந்துக்கடை விளம்பரங்களில் படித்திருப்பவர்களும் இருப்பர்.

நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும், கோலப்பிலா, ஜெலுபு, ரெம்பாவ் வட்டாரங்களில் பால் வெட்டு இன்றும் நடைபெறுகிறது. மேடும் பள்ளமுமான நிரைகளில் ஏறி இறங்கி, தாழ்ந்த வெட்டுப் பட்டைக்காகக் குனிந்தும் குந்தியும் உளி பிடித்து, பின்னர்க் காண்டா வாளி சுமந்து நடந்தவர்களுக்கு முழங்கால் வலி என்பது விளக்கத் தேவையில்லாத ஒன்று. அவ்வலியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமாயின், இச்சங்கிலியை உடல் எவ்வாறு ஆக்குகிறது, எவ்வாறு பிடித்து வைக்கிறது, எவ்வாறு உடைத்து அகற்றுகிறது என்பதை அறிதல் நலம். அதனையே இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் பிறப்பும்

1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்னும் இருவர், மாட்டின் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கிரேக்க மொழியில் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லை முதலாகக் கொண்டு அதற்குப் பெயரிட்டனர். ஹயலுரோனன் என்னும் இன்றைய பெயர் 1986-இல் வழக்குக்கு வந்தது.

இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு சர்க்கரைக் கூறுகள் இணைந்த ஒரு சோடி. இத்தகைய சோடிகள் 10,000 வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் ஒரே நூலாகத் தொடர்ந்து செல்லும். 10,000 சோடிகள் கொண்ட நூலை நேராக இழுத்துப் பிடித்தால் அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகும். கேட்பதற்கு இது சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், குருதியில் ஓடும் சிவப்பணு ஒன்றின் அகலத்தைவிட இது அதிகம்.

ரப்பர்ச் சங்கிலிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ரப்பர் நீரை விலக்கும். ஹயலுரோனனோ நீரைத் தன்னுடன் இறுத்தி வைத்துக்கொள்ளும். ஆதலால் சிறிதளவே இருந்தாலும் அது நீரைக் கெட்டியான, வழுக்கும் தன்மையுள்ள நெய்யாக மாற்றிவிடும். நலமான முழங்கால் மூட்டில் இருக்கும் நீர் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதன் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 2 முதல் 4 மில்லிகிராம் ஹயலுரோனனே உள்ளது. எலும்பின் முனைகள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்கிச் செல்வதற்கு இச்சிறு அளவு பெரிதும் உதவுகிறது.

உடலின் மற்றப் பெரும்பொருள்கள் பல உயிரணுவின் உள்ளே உருவாகி வெளியே அனுப்பப்படுகின்றன. ஹயலுரோனன் அவ்வாறன்று. உயிரணுவின் மேற்சவ்விலேயே அமர்ந்திருக்கும் நொதிகள் கண்ணி கண்ணியாக அதனைக் கோத்து, கோக்கக் கோக்க வெளியே தள்ளிவிடுகின்றன. நூல் வளர்ந்துகொண்டே உயிரணுவுக்கு வெளியே நீள்கிறது.

70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடலில் மொத்தம் ஏறக்குறைய 15 கிராம் ஹயலுரோனன் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அதில் பாதியளவு தோலில் உள்ளது. நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. அந்த 15 கிராமில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 5 கிராம், நாள்தோறும் உடைக்கப்பட்டு அகற்றப்படுகிறது. அதே அளவு புதிதாக ஆக்கப்படுகிறது. எலும்பைப்போல் பல்லாண்டு நிலைத்திருக்கும் பொருளன்று இது. மங்கில் நேற்று விழுந்த பால் இன்று இருப்பதில்லை. இன்று வெட்டினால்தான் இன்றைய பால் கிடைக்கும். நம் மூட்டிலுள்ள வழவழப்பும் அத்தகையதே.

பிடிக்கும் கைகள்

நாள்தோறும் இவ்வளவு பொருளை அகற்ற வேண்டுமாயின், அதனை அடையாளம் கண்டு பிடிக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தாக வேண்டும். உயிரணுவின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சில புரதங்கள் அவ்வேலையைச் செய்கின்றன. இவற்றை ஏற்பிகள் என்பர். ஒவ்வோர் ஏற்பியும் தனக்குரிய பொருளை மட்டுமே பற்றும். பூட்டுக்கு ஏற்ற சாவி என்று இதனைக் கூறுவது வழக்கம்.

ஹயலுரோனனைப் பற்றும் ஏற்பிகளுள் முதன்மையானது சி.டி.44 என்பதாகும். இப்புரதம் முன்பே அறியப்பட்டிருந்தாலும், அது ஹயலுரோனனின் முதன்மையான ஏற்பி என்பது 1990-இல்தான் தெளிவாயிற்று. நம் உடலின் மிகப் பல உயிரணுக்களில் அது காணப்படுகிறது.

இந்தியாவிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி நடைபெற்றது. டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கஸ்தூரி தத்தா என்னும் அறிவியல் பேராசிரியையும் அவருடைய மாணவர்களும் 1980-களில் எலியின் கல்லீரலில் ஹயலுரோனனைப் பிடிக்கும் புரதம் ஒன்றைக் கண்டறிந்தனர். 1996-இல் மனித உயிரணுவிலிருந்து அப்புரதத்தின் மரபணுவைப் படியெடுத்து, அது வேறொரு பெயரில் முன்னரே அறியப்பட்டிருந்த புரதமே என்றும் காட்டினர். ஆகவே, ஹயலுரோனனைப் பற்றும் கைகள் ஒன்றிரண்டல்ல, பல என்பதை நாம் அறிகிறோம்.

ஓர் ஏற்பி ஹயலுரோனனைப் பிடிக்கும் பிடி தனியாகப் பார்த்தால் வலுவற்றது, எளிதில் விட்டுவிடும். ஆனால், சங்கிலி நீளமானது. உயிரணுவின் மேல் ஏற்பிகளும் பல. ஒரே சங்கிலியைப் பல ஏற்பிகள் வரிசையாகப் பிடிக்கும்போது பிடி உறுதியாகிவிடுகிறது. தோட்டத்துப் புதரில் நடக்கும்போது காற்சட்டையில் ஒட்டும் புல்விதையை எண்ணிப் பாருங்கள். ஒரு விதையைத் தட்டிவிடலாம். நூறு விதைகள் சேர்ந்து ஒட்டினால் துணியையே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். நீளமான சங்கிலி உயிரணுவோடு உறுதியாகவும், மிகச் சிறிய துண்டு தளர்வாகவும் பிணைவது இக்காரணத்தால்தான். சி.டி.44 எல்லா வேளைகளிலும் பிடித்துக்கொண்டே இருப்பதில்லை என்பதையும் அறிய வேண்டும். குருதியில் உலவும் வெள்ளணுக்கள் பலவற்றில் அது இருந்தும் பற்றாமல் இருக்கும். காயமோ நோய்த்தொற்றோ நேர்ந்து உயிரணு தூண்டப்பட்டால் பற்றத் தொடங்கும்.

இப்பிடிப்புக்கு இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, காப்பு. முழங்காலின் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் வாழும் உயிரணுக்கள், சி.டி.44 மூலம் ஹயலுரோனனைத் தம்மைச் சுற்றிப் பிடித்து, மெத்தைபோல் ஓர் உறையை அமைத்துக்கொள்கின்றன. நடக்கும்போது விழும் அழுத்தத்தை அம்மெத்தையும் தாங்குகிறது. இரண்டாவது, அகற்றல். அதே ஏற்பியே பழைய சங்கிலியை உயிரணுவின் உள்ளே இழுத்துச் சென்று அழிவுக்கு ஒப்படைக்கிறது. காக்கும் கையும் அகற்றும் கையும் ஒன்றாகவே இருப்பதுதான் இதில் வியப்பு.

உடைக்கும் ஒழுங்கு

அகற்றும் வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை வரிசையாகக் காண்போம்.

மிக நீளமான சங்கிலியை உயிரணு அப்படியே விழுங்க இயலாது. ஆகவே, உயிரணுவின் மேற்புறத்திலேயே முதல் வெட்டு விழுகிறது. ஹையல்-2 என்னும் நொதி, சி.டி.44 பிடித்திருக்கும் சங்கிலியைச் சுமார் 50 சோடிகள் கொண்ட துண்டுகளாக நறுக்குகிறது. அடுத்து, அவ்விடத்தில் உயிரணுவின் சவ்வு உட்குழிந்து, துண்டுகளை ஒரு சிறு பையாக மூடி உள்ளே கொண்டுசெல்கிறது. அப்பை, லைசோசோம் எனப்படும் அமிலம் நிறைந்த பையுடன் சேர்கிறது. அங்கே ஹையல்-1 என்னும் நொதி துண்டுகளை மேலும் சிறிதாக்குகிறது. இறுதியாக வேறு இரண்டு நொதிகள் முனையிலிருந்து ஒவ்வொரு சர்க்கரையாகக் கழற்றிவிடுகின்றன. கழன்ற சர்க்கரைகள் வீணாவதில்லை. உயிரணு அவற்றை மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது.

சி.டி.44 வெறும் பிடிப்புக்கு மட்டுமன்றி, உள்ளே இழுத்து உடைப்பதற்கும் உதவுகிறது என்பதை 1992-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் அண்டர்ஹில் குழுவினர் மெய்ப்பித்தனர். நுரையீரலில் உள்ள விழுங்கணுக்களை அவர்கள் ஆராய்ந்தனர். சி.டி.44-ஐ மறைக்கும் பொருளைச் சேர்த்தபோது ஹயலுரோனன் உடைபடவில்லை. லைசோசோமில் அமிலத்தன்மை குறையும்படி குளோரோகுவின் சேர்த்தபோதும் உடைபடுதல் தடைப்பட்டது. மலேரியாக் காய்ச்சலுக்குத் தோட்ட மருந்தகத்தில் கொடுக்கப்பட்ட அதே குளோரோகுவின்தான் இது. முதலில் ஏற்பி பிடிக்க வேண்டும், பின்னர் அமிலப்பையில் உடைபட வேண்டும் என்னும் வரிசை இவ்வாறு உறுதியாயிற்று. மறு ஆண்டில், குருத்தெலும்பு உயிரணுக்களும் இவ்வாறே செய்கின்றன என்பது கண்டறியப்பட்டது.

அந்தந்த இடத்தில் உடைபடாமல் மிஞ்சும் ஹயலுரோனன் நிணநீரில் கலந்து செல்கிறது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நாம் அறிவோம். அந்நெறிகளே நிணநீர்க் கணுக்கள். நிணநீரில் வரும் ஹயலுரோனனில் 80 முதல் 90 விழுக்காட்டை அவை பிடித்து உடைத்துவிடுகின்றன. நிணநீர்க் குழாய்களின் சுவரில் உள்ள லைவ்-1 என்னும் ஏற்பியை 1999-இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

கணுக்களையும் கடந்து குருதிக்கு வந்து சேருவதைக் கல்லீரல் கவனித்துக்கொள்கிறது. சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் தோர்வார்ட் லோரன்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1980-களில் இதனை ஆராய்ந்தனர். கல்லீரலின் நுண்குழாய்களுக்கு உள்வரிசையாக அமைந்த உயிரணுக்கள் தம் ஏற்பிகளால் ஹயலுரோனனைப் பற்றி விழுங்குகின்றன. அவ்வேலை அவ்வளவு விரைவானது. குருதிக்கு வந்த ஹயலுரோனனில் பாதி 2 முதல் 5 நிமிடங்களுக்குள் மறைந்துவிடுகிறது.

உடைக்கும் வழி இது ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. சி.டி.44-இன் துணையின்றியே உயிரணுவின் மேற்புறத்தில் சங்கிலியை உடைக்கும் வேறு இரண்டு புரதங்கள் 2013-இலும் 2017-இலும் கண்டறியப்பட்டன. எந்த உறுப்பில் எந்த வழி முதன்மையானது என்னும் ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது.

ஒழுங்கு தவறினால்

இவ்வரிசையில் ஒரு படி தவறினாலும் விளைவு கடுமையாகும். 1996-இல் ஹையல்-1 நொதி பிறவியிலேயே செயற்படாத ஒரு சிறுமியைப் பற்றி மருத்துவர்கள் அறிவித்தனர். கடைசிப் படியில் உடைபடாத ஹயலுரோனன் அவளுடைய விழுங்கணுக்களில் தேங்கிவிட்டது. மூட்டுகளைச் சுற்றிக் கட்டிகள் தோன்றி வலித்தன. பிடித்து உள்ளே இழுத்தும் உடைக்க இயலாவிட்டால் நேரும் நிலை அது.

பிடிக்கவே இயலாவிட்டால் என்னவாகும் என்பதை 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. சி.டி.44 இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளின் நுரையீரலில், மருந்தொன்றைச் செலுத்தி அழற்சியை உண்டாக்கினர். சாதாரண எலிகள் சில வாரங்களில் தேறின. சி.டி.44 இல்லாத எலிகளிலோ ஹயலுரோனன் துண்டுகள் அகற்றப்படாமல் குவிந்தன, அழற்சி தணியவில்லை, அவற்றுள் பெரும்பாலானவை மடிந்தன. சி.டி.44 உள்ள உயிரணுக்களை அத்தகைய எலிகளுக்கு அளித்தபோது துண்டுகள் அகன்று நிலைமை சீர்ப்பட்டது. குப்பையை அகற்றுவது உயிரைக் காக்கும் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

துண்டுகள் குவிவதால் ஏன் தீங்கு நேர்கிறது? இங்கேதான் சங்கிலியின் நீளம் மீண்டும் முதன்மை பெறுகிறது. நீண்ட சங்கிலி உயிரணுக்களுக்கு அமைதியைத் தெரிவிக்கிறது. சிறு துண்டுகளோ, அவ்விடத்தில் திசு சேதமாகியிருக்கிறது என்னும் எச்சரிக்கையாகின்றன. உளி தவறி விரலில் பட்டுவிட்டால் அவ்விடத்து ஹயலுரோனன் துண்டுபடுகிறது. அத்துண்டுகளின் தூண்டுதலாலும் வெள்ளணுக்கள் திரளுகின்றன. சிவப்பும் வீக்கமும் தோன்றுகின்றன. காயம் ஆறத் தொடங்கியதும் விழுங்கணுக்கள் துண்டுகளை அகற்றுகின்றன; எச்சரிக்கை ஓய்கிறது. துண்டுகள் அகலாது நின்றால் எச்சரிக்கையும் ஓயாது. அழற்சி நீடித்துத் திசுவையே அரிக்கத் தொடங்கும்.

பிற உயிர்கள் இச்சங்கிலியை உடைத்துத் தம் காரியத்தைச் சாதிப்பதும் உண்டு. விதைப்பையிலிருந்து எடுத்த சாறு ஒன்று, ஊசியில் செலுத்தப்பட்ட பொருளைத் தோலினூடே விரைந்து பரவச் செய்வதை 1928-இல் டுரான் ரெய்னால்ஸ் என்பவர் கண்டார். பின்னர் அது ஹயலுரோனனை உடைக்கும் நொதி என்று தெரிந்தது. பாம்பின் நஞ்சிலும், குளவி, தேனீ ஆகியவற்றின் நஞ்சிலும், அட்டையின் உமிழ்நீரிலும் இத்தகைய நொதி உண்டு. திசுக்களுக்கு இடையே வேலிபோல் நிற்கும் ஹயலுரோனன் கூழை அது கரைத்துவிடுவதால் நஞ்சு எளிதில் பரவுகிறது. பாம்பு தீண்டியவரை ஓடவோ நடக்கவோ விடலாகாது என்பதை எல்லாரும் நினைவிற்கொள்ள வேண்டும். கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கே தரும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 999 என்னும் எண்ணை அழைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

முழங்காலும் ஊசியும்

இனி நம் முழங்காலுக்கு வருவோம். மூட்டுத் தேய்வு என்று நாம் கூறும் நோயில் குருத்தெலும்பு மெல்லமெல்ல அரிபடுகிறது. அதனுடன் மூட்டு நீரின் தன்மையும் மாறுகிறது. அழற்சியால் நீர் அதிகமாகச் சுரந்து ஹயலுரோனனின் செறிவு குறைகிறது. சங்கிலிகளும் குறுகிவிடுகின்றன. வெயிலில் கிடந்த ரப்பர் தன் வலுவை இழப்பதுபோல், குறுகிய சங்கிலிகள் கொண்ட மூட்டு நீர் தன் கொழகொழப்பை இழக்கிறது. எலும்பு முனைகளுக்கு இடையே இருந்த வழவழப்பு குன்றுகிறது. குறுந்துண்டுகளின் எச்சரிக்கை அழற்சியை மேலும் வளர்க்கிறது. ஒன்று மற்றொன்றைப் பெருக்கும் சுழற்சியாக நோய் முற்றுகிறது.

குறைந்துபோன ஹயலுரோனனை ஊசியால் ஈடுசெய்யலாம் என்னும் எண்ணம் இதிலிருந்தே பிறந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எண்ட்ரே பலாஷ் என்னும் அறிஞர், சேவலின் கொண்டையிலிருந்து மிகத் தூய்மையான ஹயலுரோனனைப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்து 1979-இல் காப்புரிமை பெற்றார். 1980 முதல் அது கண் அறுவை மருத்துவத்திற்குப் பயன்பட்டது. கண்புரையை அகற்றும்போது கண்ணின் உள்ளறை சுருங்காமல் தாங்கி நிற்க அது பெரிதும் உதவுகிறது. பின்னர் முழங்காலுக்கும் அவ்வூசி வந்தது. இன்று இப்பொருளில் பெரும்பகுதி நுண்ணுயிரிகளை வளர்த்து ஆக்கப்படுகிறது.

இவ்வூசி முழங்காலைப் புதிதாக்கிவிடும் என்று நம்புதல் சரியன்று. முன்னர்க் கூறிய ஏற்பிகளும் நிணநீர்க் குழாய்களும் வெளியிலிருந்து வந்த சங்கிலியையும் விட்டுவைப்பதில்லை. செலுத்தப்பட்ட ஹயலுரோனனில் பெரும்பகுதி சில நாள்களில் மூட்டைவிட்டு நீங்கிவிடுகிறது. சிலருக்குச் சில மாதம் வலி குறையலாம். ஆயினும், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதன் பயன் சிறிதே என்று தெரிந்தது. எல்லா நோயாளிகளுக்கும் வழக்கமாக அளிக்க வேண்டிய மருத்துவமன்று என்று சில நாடுகளின் மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. ஆகவே, செலவு மிகுந்த ஊசிக்குக் கடன் வாங்கும் முன்னர் எலும்பு மருத்துவரிடம் நன்கு கலந்து பேசுதல் வேண்டும்.

குடிக்கும் மாத்திரையாகவும் பூசும் களிம்பாகவும் விற்கப்படும் ஹயலுரோனன் பற்றியும் ஒரு சொல். வாய்வழி உண்ட நெடுஞ்சங்கிலி குடலிலேயே பெரிதும் உடைபடுகிறது. முழுச் சங்கிலியாக முழங்காலுக்குச் சென்று சேர்வதில்லை. தோலில் பூசியது மேற்பரப்பில் ஈரத்தைக் காக்கும், மூட்டுக்குள் இறங்காது.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. மூட்டு வலிக்கு என்று கூறி விற்கப்படும் சில ஜாமு வகைகளிலும் நாட்டு மருந்துகளிலும், டெக்சாமெதசோன் என்னும் வலிய மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்று மகிழ்பவர், சில மாதங்களில் முகம் வீங்கி, எலும்பு நலிந்து, இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் ஏறி மருத்துவமனைக்கு வருகிறார். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஏற்கெனவே உண்டு வருபவர்கள் மருந்துப் பொட்டலத்தை உடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

கல்லீரல் சொல்லும் கணக்கு

குருதியில் உள்ள ஹயலுரோனனைக் கல்லீரலே அகற்றுகிறது என்று கண்டோம். கல்லீரல் நலமாக இருந்தால், வளர்ந்தவர்களின் குருதி நீரில் ஒரு லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே அது இருக்கும். கல்லீரல் தழும்பேறி இறுகும்போது, அதன் நுண்குழாய்களை வரிசையிட்ட உயிரணுக்கள் தம் ஏற்பிகளை இழக்கின்றன. பிடிக்கும் கை குறைந்துவிட்டமையால் ஹயலுரோனன் குருதியில் தேங்குகிறது. இவ்வுண்மையைக் கொண்டே, கல்லீரல் எவ்வளவு தழும்பேறியுள்ளது என்பதைக் குருதிச் சோதனையால் மதிப்பிடும் முறையை மருத்துவர்கள் வகுத்துள்ளனர். மற்றச் சோதனைகளுடன் சேர்த்தே இதன் முடிவைப் பார்ப்பர்.

சம்சு எத்தனை தோட்டக் குடும்பங்களைக் குலைத்தது என்பதை நாம் இங்கு விரித்துக் கூற வேண்டியதில்லை. உடல் வலியை மறக்கவே குடிக்கிறேன் என்று கூறுவோர் உண்டு. முழங்காலின் அழற்சியைச் சம்சு தணிப்பதில்லை. குருதியைத் துப்புரவு செய்யும் கல்லீரலை அது கெடுத்துவிடுகிறது. வலியை மறைக்க வாங்கிய புட்டி, நோயை இரட்டிப்பாக்குகிறது.

நாம் செய்யத்தக்கவை

ஹயலுரோனனைப் பற்றிய இவ்வளவு செய்திகளிலிருந்தும் நாம் பெறும் பாடம் ஒன்றே. மூட்டு என்பது ஒருமுறை எண்ணெய் ஊற்றிவிட்டுப் பல ஆண்டு ஓட்டும் இயந்திரமன்று. ஆக்குவதும் பிடிப்பதும் உடைப்பதும் நாள்தோறும் ஒரு நிதானத்தில் நடைபெறும் இடம் அது. அந்நிதானம் குலையத் தொடங்கும்போதே கவனிப்பதுதான் அறிவுடைமை.

மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலும், காய்ச்சலுடன் வலித்தாலும், காலை நீட்டவோ மடக்கவோ இயலாமற் போனாலும் தாமதியாமல் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாட வேண்டும். தேவைப்பட்டால் அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பர். வேலையிடத்தில் விழுந்து அடிபட்டிருந்தால் அன்றே நிர்வாகத்திடம் தெரிவித்து, சொக்சோவுக்கு அறிக்கை சென்றதா என்று கேட்டறிய வேண்டும். பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டவர்கள் சான்று காட்ட இயலாமல் இடர்ப்படுவதுண்டு.

உடல் எடையைக் குறைத்தால் முழங்காலின் சுமை குறையும். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செலவில்லாத நல்ல மருந்து. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குவது அதில் ஒன்று. வலி மிகாத அளவுக்கு நாள்தோறும் நடப்பதும் நலம். நெடுநேரம் குந்தி அமர்வதைத் தவிர்த்து, இயன்றவிடத்துச் சிறு முக்காலியைப் பயன்படுத்தலாம்.

வயதானால் வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டிலுள்ள பெரியவர்களை நாம் இருக்கவிட்டுவிடுகிறோம். அவர்களும் பெரட்டுக்குப் போகும் காலத்துப் பழக்கத்தால் எதையும் வாய்விட்டுக் கூறுவதில்லை. அடுத்த முறை அம்மாவோ தாத்தாவோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதைக் கண்டால், தைலம் எடுத்துக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், சுகாதார நிலையத்துக்கு உடன் அழைத்துச் செல்வோமாக.